குடும்பக் கணக்கு: ஏருக்கும் சென்டுக்கும் எவ்வளவு தூரம்?

ஜப்பான் தேசத்தில் வாடகைக்கு வீடு தேடிப் போகிறவர், "அறை எத்தனை சதுர அடி?" என்று விசாரிப்பதில்லை. "எத்தனை பாய் அறை?" என்றே விசாரிக்கிறார். நாலரைப் பாய் அறை, ஆறு பாய் அறை, எட்டுப் பாய் அறை என்பவை அங்கே ஒவ்வொரு குடும்பத்துக்கும் பழகிய சொற்கள். வைக்கோலைத் தடிப்பாக அமுக்கி, மேலே கோரை போன்ற ஒரு வகைப் புல்லால் நெய்த விரிப்பைத் தைத்து, தரை முழுவதும் இடைவெளியின்றிப் பதிக்கும் 'தத்தாமி' என்னும் பாயே அவர்களுடைய அளவுகோல். அதன் நீளம் அகலத்தைப் போல் இரு மடங்கு. இரண்டு பாய்களைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டால் வரும் சதுரத்துக்குத் 'த்சுபோ' என்று பெயர். மனை நிலத்தை அந்தத் த்சுபோவால் அளப்பார்கள்.

கேட்பதற்கு எவ்வளவு சுலபமாக இருக்கிறது! அறையை அளக்க நாடா வேண்டாம். பாய்களை எண்ணினால் போதும். ஆனால், பாய் எந்த ஊர்ப் பாய் என்று கேட்டு விட்டால் சங்கடம் ஆரம்பமாகி விடும். கியோத்தோ நகரத்துப் பாய் 191 சென்டிமீட்டர் நீளமும் 95.5 சென்டிமீட்டர் அகலமும் உள்ளது. தோக்கியோ பக்கத்துப் பாயோ 176 சென்டிமீட்டர் நீளம், 88 சென்டிமீட்டர் அகலம். கியோத்தோவில் ஆறு பாய் அறை என்றால் ஏறக்குறைய 10.94 சதுர மீட்டர். தோக்கியோவில் அதே ஆறு பாய் அறை 9.29 சதுர மீட்டர்தான். நம் கணக்கில் சொன்னால், பின்னது பத்தடிக்குப் பத்தடி அறை. முன்னது சுமார் 118 சதுர அடி. கியோத்தோவின் ஆறு பாய், தோக்கியோவில் ஏழு பாய் ஆகி விடுகிறது! இவை போதாவென்று, அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கென்று இன்னும் சிறிய பாயும் பிற்காலத்தில் வந்து சேர்ந்தது.

ஜப்பானிய சர்க்கார் இதற்குப் பரிகாரம் தேடாமல் இல்லை. 1891-இலேயே 'ஷாகு' என்னும் தங்கள் அடியை, மீட்டரில் முப்பத்து மூன்றில் பத்துப் பங்கு என்று வரையறுத்தார்கள். அதன்படி ஆறு ஷாகு சதுரமான ஒரு த்சுபோ 3.306 சதுர மீட்டர் ஆகும். 1951-இல் அளவைச் சட்டம் ஒன்று இயற்றி, 1959 முதல் வியாபாரத்தில் மீட்டர் முறையே செல்லும் என்று விதித்தார்கள். இருந்தாலும் பேச்சு வழக்கில் பாய் சுருண்டு விடவில்லை. ஆகவே, வீட்டு விளம்பரத்தில் ஒரு பாய் என்று எழுதினால் அது 1.62 சதுர மீட்டருக்குக் குறையலாகாது என்று ஒரு விதியும் செய்துகொண்டிருக்கிறார்கள். பழைய சொல்லை விலக்காமல், அதற்குள்ளே இருக்க வேண்டிய பொருளைக் கட்டுப்படுத்தியது புத்திசாலித்தனமான காரியம்.

"ஜப்பான்காரன் பாயைப் பற்றி நமக்கென்ன கவலை?" என்று வாசக நேயர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் நம் வீட்டு இரும்புப் பெட்டியில் இருக்கும் பட்டாவைச் சற்று வெளியே எடுத்துப் பார்த்தால், அங்கேயும் இதே பாய்தான் விரிந்து கிடப்பது தெரிய வரும்.

நாமக்கல் மாவட்டத்திலுள்ள கொல்லிமலையை எடுத்துக் கொள்வோம். காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே சென்றால், வல்வில் ஓரி ஆண்டதாகச் சொல்லப்படும் அந்த மலை நாடு வந்து சேரும். அங்கே பதினான்கு ஊராட்சிகள். வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, சேலூர் நாடு, குண்டூர் நாடு என்று ஒவ்வொன்றுக்கும் 'நாடு' என்றே பெயர். அவற்றில் ஒன்று திண்ணனூர் நாடு. மலையாளி என்று அழைக்கப்படும் பழங்குடி மக்கள் சாமையும் கேழ்வரகும் மரவள்ளியும் மிளகும் காப்பியும் பயிரிட்டு வாழும் பூமி அது. சமவெளியில் உள்ளவனுக்கு நிலம் போனால் ஆலையோ கடையோ ஏதாவது ஒரு பிழைப்புக் கிடைக்கக் கூடும். மலையில் இருப்பவனுக்கு நிலந்தான் ஆலை, நிலந்தான் கடை, நிலந்தான் பெண்ணின் கலியாணம். ஆகையால் அங்கே ஓர் எண்ணைத் தவறாகப் படிப்பதனால் விளையும் நஷ்டம் சாமானியமானதன்று.

திண்ணனூர் நாட்டில் ஒரு குடும்பத்தின் புன்செய்ப் பட்டாவில், பரப்பு என்ற கட்டத்தில் '0 - 81.00' என்று இருப்பதாக வைத்துக் கொள்வோம். தகப்பனார் காலமாகி விட்டார்; அண்ணன் தம்பி இருவர். பாகப் பிரிவினைக்கு உட்கார்கிறார்கள். "எண்பத்தொன்று என்று போட்டிருக்கிறது. ஆளுக்கு நாற்பதரை சென்ட்" என்று யாரோ ஒருவர் சொல்கிறார். மற்றவர்கள் தலையை அசைக்கிறார்கள். அப்படியே பத்திரமும் எழுதி விடுகிறார்கள் என்று நினைத்துப் பாருங்கள். உண்மையில் அந்த 81 என்பது சென்ட் அன்று, 'ஏர்'. ஓர் ஏருக்குச் சுமார் 2.47 சென்ட். ஆகவே 81 ஏர் என்பது இரண்டு ஏக்கர். ஆளுக்கு ஓர் ஏக்கர் வர வேண்டிய இடத்தில், பத்திரத்தில் ஏறியது நாற்பதரை சென்ட்! மீதி ஓர் ஏக்கர் பத்தொன்பது சென்ட், கண்ணெதிரே மரவள்ளி விளைந்து கொண்டிருக்க, காகிதத்தில் யாருக்கும் சொந்தமில்லாமல் நிற்கும். வாங்க வந்தவன் விஷயம் தெரிந்தவனாக இருந்து விட்டாலோ, நாற்பது சென்டுக்கு விலை கொடுத்து ஓர் ஏக்கரைக் கொண்டு போய் விடுவான்.

இந்த மயக்கம் ஏற்படுவதற்குக் காரணம் உண்டு. சென்ட் என்பது ஏக்கரில் நூற்றில் ஒரு பங்கு. ஏர் என்பது ஹெக்டேரில் நூற்றில் ஒரு பங்கு. இரண்டும் நூற்றில் ஒன்று. இரண்டும் புள்ளிக்குப் பக்கத்தில் இரண்டு இலக்கமாக வந்து உட்காருகின்றன. தோற்றத்தில் இரட்டைப் பிள்ளைகள். உடம்பிலோ ஒருவன் மற்றவனைப் போல் இரண்டரை மடங்கு. போதாக் குறைக்கு, ஏர் என்ற சொல்லைக் கேட்டதும் நமக்குக் கலப்பையும் காளையும் நினைவுக்கு வருகின்றன. உழவருடைய ஏருக்கும் இந்த ஏருக்கும் யாதொரு உறவும் இல்லை. இது பிரான்ஸ் தேசத்திலிருந்து வந்தது. அந்நாட்டுப் புரட்சிக் காலத்தில், 1795-இல், மீட்டர் முறையை வகுத்தபோது, பத்து மீட்டர் நீளமும் பத்து மீட்டர் அகலமும் கொண்ட நிலத்துக்கு இப்பெயரை இட்டார்கள். நூறு ஏர் சேர்ந்தது ஹெக்டேர்.

ஏக்கரும் சென்டும் மட்டும் நம் பாட்டனார் சொத்தா என்றால், அவையும் கப்பலில் வந்தவையே. 1620-இல் இங்கிலாந்தில் கன்டர் என்பவர் 66 அடி நீளமுள்ள ஒரு சங்கிலியை நூறு கண்ணிகளாகப் பிரித்து நில அளவைக்கென ஏற்படுத்தினார். பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். அதாவது 43,560 சதுர அடி. அதில் நூற்றில் ஒன்றான சென்ட் 435.6 சதுர அடி. அந்தச் சங்கிலியைப் பிடித்துத்தான் வெள்ளைக்கார சர்க்கார் தமிழ்நாடு முழுவதையும் அளந்து நம்பர் போட்டது.

அதற்கு முன்னால் நம்மிடம் அளவே இல்லாமல் இருந்ததா? நன்றாக இருந்தது. முதலாம் இராஜராஜ சோழர் காலத்தில், சுமார் 1001-ஆம் ஆண்டில், சோழ மண்டலத்து நிலமெல்லாம் அளக்கப்பட்டது. வேலியில் இருபதில் ஒரு பங்கு மா. எண்பதில் ஒரு பங்கு காணி. முந்நூற்றிருபதில் ஒரு பங்கு முந்திரி. அதற்கும் கீழே இன்னும் நுட்பமான பின்னங்கள் என்று கல்லிலே கணக்கு வெட்டி வைத்தார்கள். பின்னக் கணக்கில் நமக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டிய நிலையில் நாம் இருக்கவில்லை.

ஆனால் பெருமையோடு உண்மையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பன்னிரு சாண் கோல் என்றும் பதினாறு சாண் கோல் என்றும் கோல்கள் பலவாக இருந்தன. கோல் மாறினால் குழி மாறும். குழி மாறினால் எல்லாம் மாறும். தஞ்சாவூர்ப் பக்கத்தில் குழி என்றால் பன்னிரண்டு அடிச் சதுரம், 144 சதுர அடி. அப்படி நூறு குழி ஒரு மா. இருபது மா ஒரு வேலி. வேலி 2,88,000 சதுர அடி, அதாவது 6 ஏக்கர் 61 சென்ட். செங்கற்பட்டுப் பக்கத்திலோ இருபத்து நாலடிக் கோல். அங்கே ஒரு குழி 576 சதுர அடி. நூறு குழி சேர்ந்தது ஒரு காணி. பெயர் ஒன்றே, அளவு நாலு மடங்கு! தஞ்சாவூரில் பெண் எடுத்தவர் செங்கற்பட்டில் நிலம் பேசினால் என்ன ஆகும் என்பதை வாசகர்களே ஊகித்துக் கொள்ளலாம். கடல் கடந்த யாழ்ப்பாணத் தமிழரோ பரப்பு என்ற கணக்கை வைத்துக் கொண்டிருக்கிறார்கள். குடியிருக்கும் காணியில் பதினாறு பரப்பு ஓர் ஏக்கர் என்பது அவர்கள் வழக்கு. கியோத்தோப் பாயும் தோக்கியோப் பாயும் ஜப்பானில் மட்டும் இல்லை என்பது இப்போது விளங்கும்.

சுதந்திர இந்தியா இந்தக் குழப்பத்துக்கு ஒரு முடிவு காண விரும்பியது. 1956-இல் நிறுத்தல் முகத்தல் அளவைகளைப் பற்றிய சட்டம் நிறைவேறியது. 1957 ஏப்ரலில் அணாக் கணக்குப் போய் நயா பைசா வந்தது. 1958 அக்டோபர் முதல் மீட்டரும் கிலோகிராமும் படிப்படியாகப் புகுந்தன. ஊருக்கு ஒரு படி, சந்தைக்கு ஒரு சேர் என்று இருந்த தேசத்தில், கன்னியாகுமரி முதல் காஷ்மீரம் வரையில் ஒரே அளவு செல்லும்படி செய்தது சிறிய காரியம் அன்று. ஏழையை ஏமாற்றுவதற்கு மிகச் சுலபமான கருவி, அவனுக்குப் புரியாத அளவுகோல். அந்தக் கருவியைப் பிடுங்குவதுதான் அந்தச் சட்டத்தின் நோக்கம்.

படியும் சேரும் மறைந்து விட்டன. நில விஷயத்தில் மட்டும் இரண்டு பாஷை நின்று விட்டது. பட்டாவும் சிட்டாவும் ஹெக்டேர், ஏர் என்று பேசுகின்றன. தரகரும் உறவினரும் சந்தைக்காரரும் ஏக்கர், சென்ட் என்று பேசுகிறார்கள். சென்னையில் மனை வாங்குகிறவர் 'கிரவுண்ட்' என்கிறார். அது 2,400 சதுர அடி. சர்க்கார் காகிதத்துக்கும் வாய்ப் பேச்சுக்கும் நடுவே உள்ள அந்த இடைவெளியில்தான் வம்பு முளைக்கிறது. இப்போது பட்டாவின் நகலைக் கணினி மூலம் எவரும் எடுத்துக் கொள்ள முடிகிறது. கையில் காகிதம் வந்து விட்டது. அதைப் படிக்கும் வித்தை வீட்டுக்கு வீடு வர வேண்டும்.

அந்த வித்தை மிகச் சுருக்கமானது. பட்டாவில் பரப்பு மூன்று பாகமாக இருக்கும். முதலில் வருவது ஹெக்டேர், அடுத்தது ஏர், புள்ளிக்குப் பின்னால் வரும் இரண்டு இலக்கம் ஏரில் நூற்றில் ஒரு பங்கு, அதாவது சதுர மீட்டர். '0 - 08.50' என்றிருந்தால் எட்டரை ஏர்; அது 21 சென்ட். '0 - 85.00' என்றிருந்தால் எண்பத்தைந்து ஏர். அது 2 ஏக்கர் 10 சென்ட். எட்டுக்கு முன்னால் நிற்கும் ஒரு பூஜ்யத்தை அலட்சியம் செய்தால் நிலம் பத்து மடங்காகி விடுகிறது. ஆகையால் பூஜ்யத்துக்கும் மரியாதை கொடுக்க வேண்டும்.

ஏரைச் சென்டாக்குவதற்கு மனக் கணக்கு ஒன்று உண்டு. ஏரை இரண்டரையால் பெருக்கி, வந்ததில் நூற்றுக்கு ஒன்று வீதம் கழித்து விடுங்கள். 81 ஏரை இரண்டரையால் பெருக்க 202½. நூற்றுக்கு ஒன்றாக இரண்டைக் கழிக்க 200½ சென்ட். சரியான கணக்கு 200.15. வாய்க் கணக்குக்கு இது போதும், பத்திரத்துக்குப் போதாது. பத்திரம் எழுதும்போது ஓர் ஏக்கர் 0.4047 ஹெக்டேர் என்றும், ஒரு சென்ட் 40.47 சதுர மீட்டர் என்றும், ஓர் ஏர் 1,076 சதுர அடி என்றும் கொண்டு, ஹெக்டேர் அளவையும் ஏக்கர் அளவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதச் சொல்வது உத்தமம். ஒன்றில் பிழை நேர்ந்தாலும் மற்றொன்று அதைக் காட்டிக் கொடுத்து விடும்.

பழைய பத்திரம் வைத்திருக்கும் குடும்பங்களுக்கும் ஒரு வார்த்தை. தஞ்சாவூர்க் கணக்கில் ஒரு மா என்பது 33 சென்ட், ஏரில் 13.38. ஒரு வேலி 2.68 ஹெக்டேர். செங்கற்பட்டுக் காணி 1 ஏக்கர் 32 சென்ட், ஏரில் 53.5. ஆயினும் பெயரைப் பார்த்தவுடன் பெருக்க ஆரம்பிக்கலாகாது. பத்திரத்தில் எத்தனை அடிக் கோல் என்று எழுதியிருக்கிறதா என்பதை முதலில் தேட வேண்டும்.

இனி மலைக்கே உரிய ஒரு விஷயம். இதைச் சமவெளிக்காரர்கள் அறிந்திருப்பது அருமை. திண்ணனூர் நாட்டில் ஒரு சரிவு நிலம். கீழ் வரப்பிலிருந்து மேல் வரப்பு வரையில் தரையோடு தரையாக நாடாவைப் போட்டால் 200 அடி. அகலம் 100 அடி. பெருக்கினால் 20,000 சதுர அடி, சுமார் 46 சென்ட். ஆனால் பட்டாவில் '0 - 16.09' என்றிருக்கிறது; அதாவது 40 சென்டுக்கும் சற்றுக் குறைவு. "ஆறு சென்டை யார் விழுங்கினார்கள்?" என்று கோபம் பொங்குகிறது. அண்டை நிலத்துக்காரர் மேல் சந்தேகம் விழுகிறது. வழக்கு, வக்கீல், வாய்தா என்று போய் விடவும் கூடும்.

உண்மையில் ஒருவரும் விழுங்கவில்லை. நில அளவையில் கணக்காவது சரிவின் பரப்பு அன்று. அந்த நிலத்துக்கு நேர் மேலேயிருந்து பார்த்தால் தெரியும் மட்டமான பரப்பு. அளவுக்காரர் மலையில் சங்கிலியைத் தரையோடு கிடத்துவதில்லை. மட்டமாகப் பிடித்துப் படிப்படியாக இறக்கி அளக்கிறார். 200 அடி தூரத்தில் 100 அடி உயரம் ஏறும் சரிவுக்கு மட்ட நீளம் 173 அடிதான். அதனால்தான் 17,320 சதுர அடியாகக் குறைகிறது. இப்படி அளந்தால்தான் ஒரு நிலத்தின் படமும் பக்கத்து நிலத்தின் படமும் ஒன்றோடொன்று பொருந்தும். வீடு கட்டினாலும் தளத்தை மட்டமாகத்தானே போடுகிறோம்? சில்வர் ஓக்கும் பலாவும் சரிவைப் பார்த்துச் சாய்ந்து வளராமல் வானத்தைப் பார்த்தே வளர்கின்றன. ஆகவே மலை நிலத்தில் நாடா சொல்லும் அளவு எப்போதும் பட்டா சொல்லும் அளவைவிடக் கூடுதலாகவே இருக்கும். சரிவு எவ்வளவு செங்குத்தோ அவ்வளவுக்கு வித்தியாசமும் பெருகும். இந்த ஒரு விஷயம் தெரிந்திருந்தால், வரப்பை நடுவில் வைத்துக் கொண்டு அண்டை வீட்டார் முகம் பாராமல் இருக்கும் எத்தனையோ பகைகள் தோன்றாமலே போகும்.

வேறோர் இடத்திலும் இந்த அளவு மலைவாசிகளுக்கு முக்கியமாகிறது. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின்படி, காட்டு நிலத்தில் வாழ்ந்தும் பயிரிட்டும் வரும் பழங்குடிக் குடும்பம், தான் உண்மையில் அனுபவித்து வரும் நிலத்துக்கு உரிமை கேட்கலாம். அதற்கு உச்ச வரம்பு நான்கு ஹெக்டேர். நான்கு ஹெக்டேர் என்பது 9 ஏக்கர் 88 சென்ட். அதை நான்கு ஏக்கர் என்று காதில் வாங்கிக் கொண்டவர், பாடுபட்ட பூமியில் பாதிக்கு மேல் தாமே விட்டுக் கொடுத்தவர் ஆவார். சட்டம் கொடுத்ததைக் கணக்கு பறித்துக் கொள்ளும்படி விடலாமா?

நம் வீடுகளில் ஆறாவது ஏழாவது வகுப்புப் படிக்கும் குழந்தைகள் இருக்கிறார்கள். பரப்பளவுக் கணக்கென்று புத்தகத்தில் உள்ள ஏதோ ஒரு செவ்வகத்தைக் கொடுத்துப் பெருக்கச் சொல்கிறோம். அதற்குப் பதிலாக, வருகிற ஞாயிற்றுக்கிழமை வீட்டுப் பட்டாவின் நகலை அந்தக் குழந்தையின் கையில் கொடுங்கள். ஹெக்டேரை ஏக்கராக்கி, ஏரைச் சென்டாக்கி, பெரியவர்கள் இத்தனை நாளாக வாயால் சொல்லிவந்த அளவோடு ஒத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒத்திருந்தால் குழந்தைக்குக் கணக்கு வரும். ஒத்திராவிட்டால், பெரியவர்கள் அடுத்த திங்கட்கிழமையே கிராம நிர்வாக அலுவலரைப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். பாகப் பிரிவினைக்குப் பிறகு பார்ப்பதைவிட அதற்கு முன்னால் பார்ப்பது நல்லது.